நான் எடுத்த திருமணப் படங்கள் எனக்குச் சொந்தமில்லையா?

இந்த வாரக் கடிதம் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் 29 வயதுப் புகைப்படக் கலைஞர். கடலோர ரிசார்ட்டுகளில் நடக்கும் சிறிய திருமணங்களைப் படம் எடுப்பது அவர் தொழில். யாருடைய அடையாளமும் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில், 26 பேர் மட்டும் கூடிய திருமணம். மணமக்கள் பெங்களூருவில் வேலை பார்ப்பவர்கள், வெவ்வேறு சாதியைச் சேர்ந்தவர்கள். பேசிய தொகை 2,40,000 ரூபாய். அதில் 1,60,000 முன்பே வந்துவிட்டது. மீதி 80,000 ஆல்பம் கொடுக்கும்போது என்று பேச்சு. எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. மணப்பெண்ணுடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல்தான் எல்லாம்.

முகூர்த்தம் காலை 6 மணிக்கு, மணலிலேயே. குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுவதும் ஆவி படிந்துவிட்டது. துடைப்பதும் எடுப்பதுமாக ஓடியிருக்கிறார். உப்புக் காற்று, ஈரக் கை, ஒரே ஒரு கார்டு மட்டும் போடக்கூடிய கேமரா. இரவு அறைக்கு வந்து கணினியில் போட்டபோது அந்த மெமரி கார்டு திறக்கவில்லை. மாலை மாற்றியதிலிருந்து தாலி கட்டி முடிந்தது வரை சுமார் 40 நிமிடப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. உதவிக்கு வந்த சித்தப்பா மகன் பின்னால் நின்று இன்னொரு கேமராவில் எடுத்த கொஞ்சம் படங்கள் மட்டும் கைவசம் உண்டு.

இரண்டு மாதம் ஓடிவிட்டது. கார்டு கெட்டுப்போனதை மணமக்களிடம் அவர் இன்னும் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம் "எடிட்டிங் நடக்கிறது" என்றே பதில். இதற்கிடையில் 6 படங்களை ரிசார்ட்டின் பெயரோடு தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டிருக்கிறார். அவற்றில் ஒன்று, மணப்பெண்ணின் தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் படம். வீட்டில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கணவருக்குத் தெரியாமல் மகளின் கல்யாணத்துக்கு வந்தவர் அந்த அம்மா. படம் உறவினர் ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது. மணப்பெண் அழுதுகொண்டே தொலைபேசியில் பேசியிருக்கிறார். இவர் இரண்டு நாள் கழித்து அந்த ஒரு படத்தை மட்டும் நீக்கியிருக்கிறார். மற்ற ஐந்தும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. இப்போது மணமகன், பாக்கி தர முடியாது, கொடுத்ததையும் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம், போலீஸில் மோசடிப் புகார் என்கிறார்.

"படம் எடுத்தவன் நான், உரிமை எனக்குத்தானே? நாலு பேர் நடமாடும் கடற்கரையில் நடந்த கல்யாணத்தில் அந்தரங்கம் என்ன இருக்கிறது? பாக்கி வரும்வரை படங்களைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாமா? கார்டு விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?" இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் ஏமாற்றுக்காரர் இல்லை. பயந்துபோன மனிதர். பயத்தில் ஒன்றை மறைத்தீர்கள், அதை மறைக்க இன்னொன்றைச் சொன்னீர்கள், இப்போது பணத்தைப் பற்றி மட்டும் சண்டை நடப்பது போல் ஆகிவிட்டது. நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விதான் என் பார்வையில் முதலாவது. ஆனால் உரிமை பற்றி நீங்கள் வைத்திருக்கும் தவறான எண்ணத்தைத் திருத்தாமல் மற்றதைப் பேச முடியாது என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

படத்தின் உரிமை யாருக்கு?

வெளிநாட்டுப் புகைப்படக்காரர்கள் இணையத்தில் நடத்தும் வகுப்புகளைப் பார்த்துத்தான் தொழில் கற்றதாக எழுதியிருக்கிறீர்கள். குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அமெரிக்காவில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தனியாகத் தொழில் செய்யும் புகைப்படக்காரருக்கே திருமணப் படங்களின் பதிப்புரிமை. நம் நாட்டில் அப்படி இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று எடுக்கப்படும் புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் என்கிறது. வீடியோவுக்கும் இதே விதிதான். உங்களை அமர்த்தியவர் மணப்பெண். வாட்ஸ்அப்பில் உரிமை பற்றி நீங்கள் ஒரு வரிகூடப் பேசவில்லை. ஆகவே அந்தப் படங்களின் பதிப்புரிமை அவருடையது.

உங்களுக்கு ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. அந்தப் படங்களின் படைப்பாளி என்று சட்டம் உங்களைத்தான் சொல்கிறது. 57-ஆவது பிரிவின்படி, இவை நான் எடுத்தவை என்று உரிமை கோரலாம், வேறொருவர் தான் எடுத்ததாகச் சொன்னால் தடுக்கலாம். உரிமையாளரும் படைப்பாளியும் வெவ்வேறு ஆட்களாக இருக்க முடியும் என்பது தொழிலில் பல ஆண்டு இருப்பவர்களுக்கே புதிதாக இருக்கிறது. ஆனால் படைப்பாளி என்ற தகுதி, படங்களை உங்கள் விளம்பரத்துக்குப் போடும் உரிமையைத் தராது.

உரிமையாளரின் அனுமதியின்றித் தொழில் விளம்பரத்துக்காக வெளியிடுவது உரிமை மீறல். தெரிந்தே செய்தால் 63-ஆவது பிரிவில் குற்றமும் ஆகும். அதைப் போலீஸ் நேரடியாக வழக்காகப் பதியலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "தெரிந்தே" என்ற சொல்லைக் கவனியுங்கள். மணப்பெண் தொலைபேசியில் பேசுவதற்கு முன்பு, எனக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியும். பேசிய பிறகும் அந்த ஐந்து படங்கள் உங்கள் பக்கத்தில் இருக்கின்றன. அந்தச் சமாதானம் இனி எடுபடாது. இதைப் படித்து முடிக்கக் காத்திருக்க வேண்டாம், இப்போதே நீக்கிவிடுங்கள். ரிசார்ட்டின் பக்கத்திலோ அலங்காரம் செய்தவர் பக்கத்திலோ பகிரப்பட்டிருந்தால் அவர்களையும் கேட்டு நீக்கச் செய்யுங்கள்.

கடற்கரை பொது, கல்யாணம்?

கடற்கரை பொது இடம்தான். அலையோரம் நடந்து போன யாரோ ஒருவர் தூரத்திலிருந்து அந்தத் திருமணத்தைப் பார்த்திருக்கலாம். அதனால் அந்தக் கல்யாணம் ஊருக்கே பொது என்று ஆகிவிடாது. 1994-இல் ஆர். ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன்னுடைய, தன் குடும்பத்தினுடைய, தன் திருமணத்தினுடைய அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை உள்ளவர், ஒப்புதல் இல்லாமல் அவற்றைப் பற்றி வெளியிடக் கூடாது என்று சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. திருமணம் என்ற சொல்லே அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே உறுதிசெய்தது. இங்கிலாந்தில் பதிப்புரிமை புகைப்படக்காரருக்குத்தான், ஆனால் அங்கேகூட, வீட்டு விசேஷத்துக்கு அமர்த்தி எடுத்த படங்களைப் பொதுவில் காட்டாமல் தடுக்கும் உரிமையை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அமர்த்தியவருக்குக் கொடுத்திருக்கிறது.

சட்டத்தை ஒரு நிமிடம் ஒதுக்கி வைப்போம். ஆயிரம் பேரை அழைத்து மண்டபத்தில் நடத்தும் கல்யாணம் ஊருக்குச் சொல்வதற்காகவே நடப்பது. 26 பேரோடு, சொந்த ஊரிலிருந்து தள்ளி, விடியற்காலையில் கடலோரத்தில் நடத்துகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். சிலருக்குச் செலவு, சிலருக்கு ஆசை. இவர்களுக்குப் பயம். யார் வரலாம், யார் வரக் கூடாது, யாருக்குத் தெரியலாம் என்று ஒவ்வொரு பெயராக எண்ணிப் பார்த்துத்தான் அந்தப் பட்டியலைப் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலுக்குள் உங்களையும் நம்பி அனுமதித்தார்கள். அந்த அம்மாவின் படம் நீங்கள் எடுத்தவற்றிலேயே சிறந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நம்புகிறேன். எந்தக் கேமராவையும் கவனிக்கும் நிலையில் அந்த அம்மா அப்போது இல்லை, அதனால்தான் அது நல்ல படமாக வந்தது. அதனாலேயே அவரைக் கேட்காமல் வெளியே போகக் கூடாத படமும் ஆகிறது.

இன்னொன்று, தயங்காமல் செய்ய வேண்டியது. அந்தப் படம் எத்தனை நாள் இருந்தது, யாரெல்லாம் அதற்குக் கருத்து எழுதினார்கள், ரிசார்ட்டின் பெயர் இருந்ததா என்ற விவரங்களை மணமக்களிடம் உள்ளபடி சொல்லுங்கள். அவர்களுக்கு ஆபத்து இருக்கிறதா என்று கணிக்க அது தேவை. சாதி மாறி மணந்தவர்களுக்கு மிரட்டல் வந்தால் பாதுகாப்புத் தர ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவு இருக்க வேண்டும் என்று 2018-இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்களுக்கு இது தெரியாமல் இருந்தால் நீங்கள் சொல்வது உதவியாக இருக்கும்.

கார்டு விஷயம்: சொல்லியே ஆக வேண்டும்

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைக் குறைபாடு என்பதற்குத் தரும் விளக்கத்தில் இரண்டு பகுதிகள் உங்களைத் தொடுகின்றன. ஒன்று, கவனக்குறைவால் வந்த இழப்பு. மற்றொன்று, தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பது. கார்டு பழுதானது முதல் வகையில் வருமா என்பதில் வாதத்துக்கு இடம் இருக்கிறது. மின்னணுப் பொருள் முன்னறிவிப்பின்றிக் கெடும் என்று நீங்கள் சொல்லலாம். கடற்கரையில் வேலை என்று தெரிந்தும், ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதியும் கேமராவைக் கொண்டு வராதது ஏன் என்று அவர்கள் கேட்கலாம். ஆனால் இரண்டு மாதமாக "எடிட்டிங் நடக்கிறது" என்று நீங்கள் அனுப்பிய செய்திகளுக்கு என்னிடம் வாதம் இல்லை. எந்த வழக்கறிஞரிடமும் இருக்காது. அவை எல்லாம் மணப்பெண்ணின் தொலைபேசியில் தேதியோடு இருக்கின்றன, உரிய சான்றிதழோடு நீதிமன்றம் ஏற்கக்கூடிய சாட்சியங்கள்.

இதில் நீங்கள் யோசிக்காத ஒரு பக்கமும் உண்டு. அந்த 40 நிமிடம் வெறும் நினைவுப் பொருள் என்று நினைக்கிறீர்கள். கோயில் பதிவேடும் மண்டப ரசீதும் இல்லாத கல்யாணம் அது. குடும்பத்தில் எதிர்ப்பும் இருக்கிறது. சடங்கு நடக்காமல் சான்றிதழ் மட்டும் இருந்தால் அது இந்துத் திருமணம் ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் போதும், புரோகிதர்கூடத் தேவையில்லை. ஆனால் நாளைக்கு யாராவது இந்தத் திருமணமே நடக்கவில்லை என்று வழக்குப் போட்டால், நடந்ததைக் காட்ட வேண்டும். 26 சாட்சிகள் இருக்கிறார்கள், பதிவுச் சான்றிதழும் இருக்கலாம், ஆகவே பதற வேண்டியதில்லை. ஆனாலும் உங்கள் சித்தப்பா மகன் பின்னாலிருந்து எடுத்த, முதுகும் தோளும் மட்டும் தெரியும் படங்களை நீங்கள் "உபயோகமில்லாதவை" என்று ஒதுக்கியிருப்பது தவறு. தேதியும் நேரமும் பதிந்த அசல் கோப்புகளாக, எடிட் செய்யாமல், அவை இந்த வாரமே மணமக்களிடம் போய்ச் சேர வேண்டும்.

பழுதான கார்டை டிஷ்யூ தாளில் சுற்றி டப்பாவில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இனி அதை எந்தக் கணினியிலும் செருகாதீர்கள், இலவச மென்பொருள்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியிலும் மிச்சம் இருப்பது அழியக்கூடும். தரவு மீட்பையே தொழிலாகச் செய்யும் ஆய்வகத்தில் கொடுத்து, ரசீதும் அறிக்கையும் வாங்குங்கள். படங்கள் கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கிடைக்காவிட்டாலும் நீங்கள் முயன்றீர்கள் என்பதற்கு அந்த அறிக்கை ஆதாரம். கூடவே, வந்திருந்த 26 பேரின் தொலைபேசிகளிலும் அந்த 40 நிமிடம் துண்டு துண்டாக இருக்கும். மணமக்கள் சம்மதித்தால், அவற்றைச் சேகரித்து நிறமும் ஒளியும் சரிசெய்து ஒழுங்குபடுத்திக் கொடுப்பதாக நீங்களே முன்வந்து சொல்லுங்கள். சின்னக் கல்யாணத்தில்தான் இது முடியும்.

பாக்கிப் பணமும் படங்களும்

"பாக்கி வராவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன் என்று மணமகனுக்கு எழுதலாமா என்று யோசிக்கிறேன்" என்று கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. எழுதவே எழுதாதீர்கள். கோபத்தில் அனுப்பும் அந்த ஒரு வரி, இன்றைக்குச் சிவில் தகராறாக இருப்பதைப் போலீஸ் விவகாரமாக மாற்றிவிடும். இப்போது இருக்கும் நிலையில் மணமகன் சொல்லும் மோசடிப் புகார் நிற்பது கடினம். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடி. நீங்கள் வந்தீர்கள், வேலை செய்தீர்கள், கார்டு கெட்டது. அந்தப் பலத்தை நீங்களே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆல்பம் கொடுக்கும்போது பாக்கி என்று பேசியிருப்பதால், பணம் வராமல் ஆல்பத்தை நிறுத்திவைக்க உங்களுக்குச் சாதாரணமாக உரிமை உண்டு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு, இரு தரப்பும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற வேண்டிய வாக்குறுதிகளில், எதிர்த் தரப்பு தயாராக இல்லாவிட்டால் நீங்களும் நிறைவேற்றத் தேவையில்லை என்கிறது. வாட்ஸ்அப் பேச்சும் ஒப்பந்தம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் சிக்கல் உங்கள் பக்கம் இருக்கிறது. தாலி கட்டும் படங்கள் இல்லாத ஆல்பத்தை வைத்துக்கொண்டு, நான் பேசியபடி தரத் தயார் என்று உங்களால் சொல்ல முடியாது. ஆகவே நிறுத்திவைக்கும் உரிமை இங்கே பலவீனமானது.

அதே போல, முழு முன்பணத்தையும் திருப்பிக் கேட்பதும் அதிகப்படி. முந்தைய நாள் மாலை நிகழ்ச்சி, மணப்பெண் அலங்காரம், முகூர்த்தத்துக்குப் பிந்தைய படங்கள், விருந்து என்று உங்கள் கணக்குப்படி 1,100-க்கும் மேற்பட்ட நல்ல படங்கள் இருக்கின்றன. அந்த வேலைக்கு மதிப்பு உண்டு. அதற்காக, "முன்பணம் திருப்பித் தரப்படாது" என்று வாட்ஸ்அப்பில் போட்ட வரியை ஒரு கேடயமாக நினைக்காதீர்கள். உங்கள் தரப்பில் குறை இருக்கும்போது அது தாங்காது.

மணமகன் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் என்ன ஆகும்? 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்த சேவைக்கு மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் தான் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம் என்பதால் உங்களுக்கு நோட்டீஸ் பெங்களூருவிலிருந்து வரும். வாய்தாவுக்கு வாய்தா அங்கே போய்வரும் செலவையும், அந்த நாள்களில் விட்டுப்போகும் கல்யாணங்களையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். இழப்பீடு எவ்வளவு என்பது ஆணையம் தீர்மானிப்பது. தாலி கட்டும் தருணம் திரும்ப வராது என்பதால் மன உளைச்சலுக்கு அவர்கள் தரும் மதிப்பு நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருக்கலாம்.

என் யோசனை இது. பாக்கி 80,000 ரூபாயை விட்டுவிடுங்கள். தரவு மீட்புச் செலவு உங்களுடையது. எல்லாப் படங்களையும் அசல் கோப்புகளோடு கொடுங்கள். ஆல்பம் வேண்டுமென்றால் அச்சுச் செலவை மட்டும் கேளுங்கள். இதற்கு மேலும் அவர்கள் கேட்டால், முன்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது பற்றிப் பேசலாம், 25,000 ரூபாய் என்று தொடங்கலாம். இதெல்லாம் அதிகமாகத் தோன்றலாம். உங்கள் நிலையில் என் தம்பி இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். சமரசம் ஆனதும் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதத்தில், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, படங்கள் எங்கும் வெளியிடப்படாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ட்ரோன் பற்றி ஒரு வார்த்தை

மறுநாள் கடற்கரையில் ட்ரோன் பறக்கவிட்டதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்கு இயக்குநர் சான்றிதழ் தேவையில்லை, பதிவு எண் தேவை. அதற்கு மேல் 2 கிலோ வரையுள்ளதைப் பணத்துக்காக இயக்கினால் சான்றிதழும் வேண்டும். கல்யாண வேலை பணத்துக்கான வேலைதான். ட்ரோன்களுக்கான அரசின் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மாமல்லபுரத்துக் கோயில்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை, 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். அவற்றின் மேல் அனுமதியின்றிப் பறக்கவிடவே கூடாது.

அடுத்த கல்யாணத்துக்கு முன்

ஒரு பக்க ஒப்பந்தம் போதும், தமிழிலேயே எழுதலாம். படங்களின் உரிமை யாருக்கு என்று அதில் இருக்கட்டும். விளம்பரத்துக்குப் போடுவதற்குத் தனியாக, படம் படமாக ஒப்புதல் வாங்குங்கள். விருந்தினர்களில் யாரையெல்லாம் எடுக்கவே கூடாது என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கார்டோ கேமராவோ பழுதானால் எத்தனை நாளுக்குள் தெரிவிப்பீர்கள், எவ்வளவு கழிப்பீர்கள் என்பதையும் சேருங்கள். இரண்டு கார்டு போடும் கேமரா வாங்க இப்போது வசதி இல்லையென்றால் முகூர்த்த நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். கேமராப் பையை ஒரு மணி நேரம் முன்னதாகவே குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்து வைத்தால் லென்ஸில் ஆவி படியாது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதலில் மணப்பெண்ணிடம் பேசுங்கள், மணமகனிடம் பிறகு. செய்தி அனுப்பாதீர்கள், நேரம் கேட்டுக்கொண்டு தொலைபேசியில் பேசுங்கள். கார்டு என்றைக்குக் கெட்டது, ஏன் இதுவரை சொல்லவில்லை என்பதைச் சொல்லிவிட்டு, பணத்தைப் பற்றி அந்த அழைப்பில் ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் சொல்வதைக் கேளுங்கள். அன்று மாலையே நீங்கள் சொன்னவற்றை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். அந்த அம்மாவின் படத்தை உங்கள் கணினியில் வைத்திருப்பதா அழிப்பதா என்பதையும் மணப்பெண்ணிடமே கேளுங்கள். இதற்குள் வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால், அதில் குறிப்பிட்ட கெடு முடிவதற்குள் உங்கள் ஊர் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். வசதி இல்லையென்றால் செங்கல்பட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் முதற்கட்ட ஆலோசனை கேட்கலாம்.